அக்டோபரில் ஒரு பாசஞ்சர் ரயில்



பழைய ரயில்களைக் காப்பாற்றுவது பற்றிப் பேசும்படி அழைத்திருக்கிறீர்கள். இந்தப் பொருளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த ஆண்டு கட்டியது, எந்தத் தொழிற்சாலை, எத்தனை சக்கரம், எவ்வளவு எடை. எனக்கும் அந்த ஆசை உண்டு. நடுநடுவே அதற்குள் போகத்தான் போகிறேன். ஆனால் இன்று நான் வாதாட வந்திருப்பது பயணிக்காக. ஒரு ரயில்பாதையைக் காப்பாற்றுவது என்றால், டிக்கெட் வாங்கி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற அந்தப் பயணத்தைக் காப்பாற்றுவது என்பதே என் கட்சி. இதை எனக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயதில் கற்றுக்கொடுத்தது அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் அக்டோபர் மாதத்தில் ஓடிய ஓர் உல்லாசப் பயண ரயில். அதன் பெயர் நியூ ரிவர் டிரெயின்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோ ஆற்றங்கரையில் ஹண்டிங்டன் என்று ஒரு நகரம். கோலிஸ் ஹண்டிங்டன் என்ற ரயில்வே முதலாளி 1871இல் தன் பெயரிலேயே உண்டாக்கிய ஊர் அது. கலிஃபோர்னியாவிலிருந்து சியரா மலைகளைத் தாண்டிக் கிழக்கே வந்த சென்ட்ரல் பசிபிக் ரயில்வேக்குப் பின்னால் நின்ற நான்கு பேரில் ஒருவர் அவர். பிறகு செசபீக் அண்ட் ஒஹாயோ ரயில்வேயைக் கையில் எடுத்தார். வர்ஜீனியாவின் ரிச்மண்டில் தொடங்கி, அப்பலாச்சிய மலைகளைக் குறுக்கே கடந்து, ஒஹாயோ ஆற்றைத் தொடுவது திட்டம். மலைக்கு நடுவே வழிகாட்டியது நியூ ரிவர் என்னும் ஆறு. தெற்கே பிறந்து வடக்கு நோக்கி ஓடி, மலைத்தொடரையே அறுத்துக்கொண்டு போகிற ஆறு அது. இரண்டு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1873 ஜனவரி 29ஆம் தேதி, அதன் பள்ளத்தாக்கில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் ஒன்றுசேர்ந்தன.

அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்களில் பெரும் பகுதியினர், சில ஆண்டுகளுக்கு முன்புதான் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டிருந்த கறுப்பின மக்கள். சிறைக் கைதிகளையும் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். அமெரிக்கா முழுதும் பாடப்படுகிற ஜான் ஹென்றியின் கதை இந்தப் பாதையில் பிறந்ததுதான். பாறையைத் துளைக்க வந்த நீராவி இயந்திரத்தோடு சுத்தியலை வைத்துப் போட்டிபோட்டு, ஜெயித்து, அந்த இடத்திலேயே உயிரை விட்ட தொழிலாளி. நடந்தது பிக் பெண்ட் சுரங்கத்தில் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். வர்ஜீனியா எல்லைக்குள் இருக்கும் லூயிஸ் சுரங்கம் என்று ஒரு வரலாற்றாசிரியர் வாதிட்டிருக்கிறார். இந்த இரண்டில் எதுவானாலும் அவர் உடைத்த பாறை இந்த ரயில்வேயினுடையது.

நான் பிறந்தது தென்காசியில். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகும் மீட்டர்கேஜ் பாசஞ்சரில் தாத்தாவோடு போய்வந்ததுதான் என் முதல் ரயில் ஞாபகம். குகைக்குள் வண்டி நுழையும்போது பெட்டியில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் கூச்சல் போடும். பதிமூணு கண் பாலம் வரும்போது பெரியவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். அப்பா ரசாயனப் பொறியாளர். வேலை நிமித்தமாக எங்களை மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகருக்கு அழைத்துப்போனார். கனாவா ஆற்றின் இரு கரையிலும் ரசாயன ஆலைகள் நிறைந்த பள்ளத்தாக்கு அது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தன. ரயில் பார்க்கிற பழக்கம் மட்டும் என்னோடு கடல் தாண்டி வந்துவிட்டது.

வந்து பார்த்தால் ரயில் எல்லாம் நிலக்கரி ரயில். நூற்றுக்கும் மேற்பட்ட வேகன்கள் கொண்ட வண்டி மேற்கே போகும். காலி வேகன்கள் திரும்பி வரும். எஞ்சின்களின் பக்கவாட்டில் பூனைக்குட்டியின் உருவம் வரைந்திருக்கும். செசபீக் ரயில்வே 1933இல் தன் தூங்கும் வசதிப் பெட்டிகளுக்கு விளம்பரமாக எடுத்துக்கொண்ட 'செஸ்ஸி' என்ற பூனைக்குட்டிதான் அது. பிற்காலத்தில் எஞ்சின்மேல் ஏறிவிட்டது. பயணிக்கு என்று மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வண்டி. 1971 மே மாதம் ஆம்ட்ராக் நிறுவனம் நாட்டின் பயணி ரயில்களில் பெரும்பாலானவற்றை எடுத்துக்கொண்டபோது பாதிக்கு மேல் நின்றுபோயின. இந்தப் பள்ளத்தாக்கில் ஓடிய கார்டினல் என்ற வண்டியையும் 1981இல் நிறுத்தினார்கள். 1982 ஜனவரியில் அது மறுபடி வந்தது, வாரம் மூன்று நாள் மட்டும். நாங்கள் பிளாட்பாரத்தில் நின்று பார்ப்போம். அப்பாவுக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் அது வராது.

இந்த இடத்தில்தான் ஹண்டிங்டன் ஊர்க்காரர்களின் ரயில் வரலாற்றுச் சங்கத்தைச் சொல்ல வேண்டும். கோலிஸ் ஹண்டிங்டன் பெயரிலேயே 1959இல் தொடங்கியது. ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், கடைக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், ரயில் பித்துப் பிடித்த யாரும் அதில் சேரலாம். 1966 முதல் அவர்கள் அக்டோபர் வாரக் கடைசிகளில் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து, ஹண்டிங்டனிலிருந்து நியூ ரிவர் பள்ளத்தாக்கு வழியாக ஹிண்டன் வரை போய்த் திரும்புகிற ரயிலை நடத்தினார்கள். போகவர ஏறத்தாழ 480 கிலோமீட்டர். காலையில் கிளம்பி இருட்டியபின் திரும்பும் நாள் முழுக்கப் பயணம். 1980களின் பின்பாதியில் சில ஆண்டுகள் அதற்கு நீராவி எஞ்சினும் கிடைத்தது. அப்படி ஓர் அக்டோபரில் அப்பா டிக்கெட் வாங்கினார்.

விடியுமுன்பே காரில் கிளம்பி ஹண்டிங்டன் போய்ச் சேர்ந்தோம். பனிக்குளிர். ஸ்டேஷன் வருமுன்பே தெருவில் கரிப்புகை வாசனை வந்துவிட்டது. தென்காசியில் பிறந்தவனுக்கு அந்த வாசனையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் எஞ்சினின் உயரம் நான் கண்டிராதது. இயக்கு சக்கரம் ஒவ்வொன்றும் 5 அடி 9 அங்குலம். என் தலைக்கு மேலே. முன்னால் இரண்டு, நடுவில் எட்டு, பின்னால் நான்கு என்று சக்கர அமைப்பு. நெற்றியில் 765 என்ற எண்.

அந்த எஞ்சினின் கதையை நான் சுருக்கப்போவதில்லை. ஒஹாயோ மாநிலத்தின் லைமா தொழிற்சாலையில் 1944இல் நிக்கல் பிளேட் ரோடு என்ற ரயில்வேக்காகக் கட்டப்பட்டது. சரக்கு வண்டிகளை வேகமாக இழுக்கத்தான் அதைக் கட்டினார்கள். 1958இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 1963இல் இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரப் பூங்காவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மழையிலும் பனியிலும் வெட்டவெளியில் கிடந்தது. 1972இல் அந்த ஊரில் கொஞ்சம் பேர் ஒரு சங்கமாகச் சேர்ந்து, அதை மறுபடி ஓட்டுவோம் என்றார்கள். மாலை நேரங்களிலும் சனி ஞாயிறுகளிலும் பாய்லர் குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, பழுதைப் பார்த்து, 1979இல் தண்டவாளத்தில் ஓடவிட்டார்கள். பெரிய ரயில்வே கம்பெனி செய்த வேலை அல்ல இது. சம்பளம் வாங்காமல் கை கறுக்க உழைத்தவர்களின் வேலை.

இதே சக்கர அமைப்புள்ள எஞ்சின்களை அமெரிக்காவின் மற்ற ரயில்வேக்கள் பெர்க்‌ஷயர் என்று அழைத்தன. செசபீக் ரயில்வேயில் மட்டும் அதற்குக் கனாவா என்று பெயர். தங்கள் பாதை ஓரமாக ஓடும் ஆற்றின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். வேற்று ரயில்வேயின் எஞ்சினாக இருந்தாலும் அதற்கு அந்த ஆற்றங்கரையில் ஓட உரிமை உண்டு என்றுதான் பிளாட்பாரத்தில் நின்ற பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

எஞ்சினுக்குப் பின்னால் வரும் டெண்டர் பெட்டியில் 22 டன் நிலக்கரியும் 22,000 காலன் தண்ணீரும் பிடிக்கும். நிலக்கரி போதும், தண்ணீர்தான் சீக்கிரம் தீரும். அந்தக் காலத்தில் வழிநெடுக இருந்த தண்ணீர்த் தொட்டிகளை டீசல் வந்ததும் இடித்துவிட்டார்கள். ஆகவே வழியில் வண்டி நிற்கும் ஊரில் தீயணைப்பு வண்டி வந்து காத்திருக்கும். தீயணைப்பு வீரர்கள் பெருமையோடு குழாயைத் தூக்கிக்கொண்டு டெண்டர் மேல் ஏறுவார்கள். ஊரே அதைப் பார்க்க வந்து நிற்கும். ஒரு ரயில் ஓடுவதற்கு எத்தனை ஊர் கூட வேண்டியிருக்கிறது என்று நான் பார்த்துத் தெரிந்துகொண்டது அங்கேதான்.

ஒவ்வொரு பெட்டிக்கும் சங்கத்துத் தொண்டர் ஒருவர் பொறுப்பு. எங்கள் பெட்டிக்கு வந்தவர் ரயில்வேயில் ஃபயர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர். செசபீக் ரயில்வே 1956இல் நீராவியைக் கைவிட்டபோது அவர் இளைஞர். டிக்கெட்டைக் கிள்ளுவது, கிழவிகளைக் கைபிடித்து ஏற்றுவது, பிள்ளைகள் கதவுப்பக்கம் தலையை நீட்டாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை. நான் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு எழுதுவதைப் பார்த்து, என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். எஞ்சின் எண், கிளம்பிய நேரம் என்று காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் வேகத்தைக் கணக்கிடுவது. ஒரு மைல்கல் ஜன்னலைக் கடக்கும்போது கடிகாரத்தைப் பார். அடுத்த மைல்கல் வரும்வரை எத்தனை வினாடி என்று எண்ணு. 3,600ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் வேகம் என்று வரும். 72 வினாடி என்றால் 50 மைல். 90 வினாடி என்றால் 40. இதை எட்டாம் வகுப்புப் பையனிடம் கொடுத்தால் அவன் அன்று வேறு எதையும் விளையாடப்போவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லாம் என்னிடம் வேகம் கேட்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது பாடம் விசில். சாலையைக் கடக்கும் ஒவ்வொரு லெவல் கிராஸிங்கிலும் இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். கடைசி நீளத்தைச் சாலையைத் தாண்டும்வரை இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் டிரைவரின் கைவாகு தெரியும் என்றார். சிலர் கயிற்றைச் சட்டென்று விடுவார்கள். சிலர் மெல்லத் தளர்த்துவார்கள், ஓசை மலையில் போய் மோதித் திரும்பிவரும். யார் ஓட்டுகிறார் என்று வீட்டுக்குள் இருக்கிற மனைவிமார் விசிலை வைத்தே சொல்லிவிடுவார்களாம்.

இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் மேல்பாதி மட்டும் திறக்கிற கதவு இருந்தது. அங்கே நிற்க முறை வைத்திருந்தார்கள். கரித்துகள் கண்ணில் விழாமலிருக்க எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்பார்கள். என் முறை வந்தபோது முதியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வளைவில் வண்டி திரும்புகையில் எஞ்சின் முன்னால் தெரிந்தது. புகை பெட்டிகளின் மேல் சாய்ந்து வந்தது. என் கன்னத்தில் கரித்தூள் வந்து குத்தியது. அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழ சாதத்திலும் அன்று கொஞ்சம் கரி விழுந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

சார்ல்ஸ்டனைத் தாண்டினோம். வீட்டருகே உள்ள ஆலைகளை ரயிலின் பக்கத்திலிருந்து பார்த்தபோது இடம் மாறிப்போனதுபோல இருந்தது. மாண்ட்கோமரி ஊரைக் கடந்தபின் மலைகள் நெருங்க ஆரம்பித்தன. காலி ஆறும் நியூ ரிவரும் கூடிக் கனாவா ஆறாகிற காலி பிரிட்ஜ் வந்தது. அதற்கு மேலே ஆற்றைப் பார்த்தேன். பாறை பாறையாகக் கிடந்தது, தண்ணீர் அங்கங்கே தேங்கி நின்றது. மழை இல்லையா என்று அப்பாவிடம் கேட்டேன். பதில் சொன்னது அந்த முதியவர்.

1930இல் அந்த மலையைக் குடைந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டினார்கள். ஆற்றை அதற்குள் திருப்பி மின்சாரம் எடுப்பதற்காக. பாறையில் சிலிக்கா நிறைய இருந்தது. தண்ணீர் தெளித்துத் துளைத்தால் தூசி அடங்கும், வேலை தாமதமாகும். உலர்வாகவே துளைத்தார்கள். முகமூடியும் கொடுக்கவில்லை. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தெற்கு மாநிலங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். தூசி நுரையீரலில் படிந்து ஓரிரு ஆண்டுக்குள் செத்தார்கள். பிற்காலத்தில் ஒரு மருத்துவர் செய்த ஆய்வின் மதிப்பீடு 700க்கும் மேற்பட்ட சாவுகள். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. அங்கே ஆறு காய்ந்துகிடக்கிற காரணம், தண்ணீர் இன்றும் அந்தச் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருப்பதுதான்.

இலையின் நிறம் பார்க்க வந்தவர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும் என்றுதான் சொல்வேன். ரயிலில் போகிறவன் பாதையின் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துத்தான் தீரவேண்டும். அழகான இடத்தில் மட்டும் இறங்கிப் படம் எடுத்துவிட்டுப் போகிற வசதி அவனுக்கு இல்லை. தண்டவாளம் எந்தெந்த இடத்தைத் தொடுகிறதோ அதையெல்லாம் தொட்டுக்கொண்டு போகிறான். அந்த முதியவர் அதைத் தன் வேலையின் ஒரு பகுதியாகவே நினைத்தார் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

அதன்பிறகு பள்ளத்தாக்கு விரிந்தது. இனி இலைகள்.

தென்காசிப் பக்கத்துத் தேக்கு மாசி பங்குனியில் இலை கொட்டும். வெயிலில் காய்ந்து, பழுப்பாகி, மொறமொறவென்று விழும். தண்ணீரைச் சேமிக்க மரம் செய்கிற ஏற்பாடு. இங்கே நடப்பது வேறு. பகல் குறுகி இரவு குளிரும்போது இலையில் உள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குப் பின்னால் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே வருகிறது. ஹிக்கரி மரமும் துலிப் பாப்லரும் பொன்னாக நிற்பது அதனால். சிவப்பு அப்படி அல்ல. இலைக்காம்பு அடைபடும்போது உள்ளே தங்கிவிடும் சர்க்கரையிலிருந்து மரம் அந்தக் கடைசி நாட்களில் புதிதாகச் செய்கிற நிறம் அது. பகலில் நல்ல வெயிலும் இரவில் பனி உறையாத குளிரும் சேர்ந்தால் மேப்பிள் நன்றாகச் சிவக்கும். ஓக் கடைசியில்தான் மாறும், செங்கல் நிறத்துக்கு. மலை உச்சியில் முதலில் தொடங்கி நாளுக்கு நாள் கீழே இறங்கிவரும். ரயில் ஓடுவதோ பள்ளத்தாக்கின் அடியில். ஆகவே ஒரே ஜன்னலில் கீழே பச்சையும் நடுவில் மஞ்சளும் மேலே சிவப்பும், உச்சியில் இலை உதிர்ந்த கிளைகளும் தெரிந்தன. சாலையில் போகிறவர்கள் மேலேயிருந்து பார்ப்பது நிறத்தின் கூரையை. நாங்கள் பார்த்தது உள்ளிருந்து.

தலைக்கு மேலே ஒரு பாலம் கடந்தது. 1977இல் திறந்த நியூ ரிவர் கார்ஜ் பாலம். ஆற்றிலிருந்து 267 மீட்டர் உயரம்; ஒரே எஃகு வளைவு 518 மீட்டர் அகலத்தைத் தாண்டுகிறது. அதற்கு முன் காரில் பள்ளத்தில் இறங்கி ஏற முக்கால் மணி நேரம் ஆகுமாம். பாலத்தில் ஒரு நிமிடம்கூட ஆகாது. மேலே போன லாரி தீப்பெட்டி அளவில் தெரிந்தது.

பள்ளத்தாக்குக்குள் ஓரிடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க விருப்பப்பட்டவர்களை இறக்கினார்கள். இந்தச் சடங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இறங்கியவர்கள் தண்டவாளத்திலிருந்து தள்ளி வரிசை வரிசையாக நிற்க வேண்டும். முன்வரிசை மண்டியிடும், அடுத்தது குனியும், பின்னால் இருப்பவர்கள் நிற்பார்கள். பிறகு ரயில் மெதுவாகப் பின்னோக்கிப் போய் வளைவில் மறைந்துவிடும். சத்தம் கிடையாது. ஒலிப்பதிவு செய்கிறவர்கள் இருப்பதால் யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது. குறுக்கே யாராவது போனால் இருநூறு பேரின் படம் கெட்டுவிடும்; அதனால் யாரும் போவதில்லை. தூரத்தில் ஒரு விசில். பிறகு எஞ்சின் மூச்சுவிடும் சத்தம் பள்ளத்தாக்கின் இரண்டு சுவரிலும் மோதி, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பெருகிக்கொண்டே வரும். வளைவில் முதலில் புகை தெரியும், அப்புறம் விளக்கு, அப்புறம் 765. எங்களைக் கடந்து முழுவேகத்தில் போகும். காலடியில் நிலம் அதிரும். கடைசிப் பெட்டி போனபிறகுதான் கைதட்டுவார்கள். பிறகு வண்டி நின்று, பின்னுக்கு வந்து, எல்லோரையும் ஏற்றிக்கொள்ளும்.

முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. உயரம் குறைந்த பையன் என்பதால் என்னை முன்வரிசைக்கு நகர்த்தினார்கள். யாரோ ஒருவர் தன் காமிராவின் முக்காலியைக் கொஞ்சம் தள்ளி வைத்து இடம் விட்டார். ரயில் பித்தர்களை ஒதுங்கிப்போகிறவர்கள் என்று எண்ணுவது தவறு. அன்று நான் பார்த்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை யாருக்காவது கொடுத்துவிடத் துடித்தவர்கள்.

தர்மண்ட் வந்தது. ஆற்றோரம், மலையடியில், தண்டவாளத்தை ஒட்டி ஒரு வரிசைக் கட்டடங்கள். வங்கி, கடை, மேல்மாடி ஜன்னல்கள். கடைவாசலுக்கு முன்னால் தெரு கிடையாது, தண்டவாளம்தான் தெரு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுற்றுச் சுரங்கங்களின் நிலக்கரி எல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. நாளுக்குப் 15 பயணி ரயில்கள் நின்றன. செசபீக் ரயில்வேக்குப் பெருவருவாய் கொடுத்த ஊர்களில் இது தலையாயது. 1921 வரை காரில் வர வழியே இல்லை. பிறகு நிலக்கரி குறைந்தது, 1930இல் எதிர்க்கரையிலிருந்த பெரிய ஹோட்டல் எரிந்தது, டீசல் எஞ்சின் வந்ததும் எஞ்சின் கொட்டகைக்கு வேலை போயிற்று. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த ஊரில் இருந்தவர்கள் 5 பேர். நாங்கள் போனபோது ஸ்டேஷன் கட்டடம் வண்ணம் உதிர்ந்து நின்றது. 1995இல் தேசியப் பூங்காத் துறை அதைச் செப்பனிட்டது. முதியவர் அந்த ஊரைக் கடக்கும்வரை பேசவில்லை. பிறகு, இங்கேதான் சாப்பிட இறங்குவோம் என்று மட்டும் சொன்னார்.

ஹிண்டனில் எங்களுக்காகத் திருவிழா வைத்திருந்தார்கள். ஆப்பிள் சாறு, வேகவைத்த சோளம், கைவேலைப் பொருட்கள், சர்ச் பெண்கள் சுட்ட கேக். நீராவிக் காலத்தில் ஹிண்டன் பெரிய ரயில்வே ஊர். அதற்குக் கிழக்கே மலையேற்றம் என்பதால், லைமாவில் கட்டிய அலெகெனி என்ற பிரம்மாண்டமான எஞ்சின்கள் இங்கிருந்து நிலக்கரி வண்டிகளை மலையேற்றின. எங்கள் முதியவர் அவற்றில் வேலை பார்த்தவர். அவற்றில் கரியை மண்வெட்டியால் அள்ளிப்போட முடியாது. இயந்திரம்தான் போடும், நெருப்பு எங்கே மெலிகிறது என்று பார்ப்பதுதான் ஃபயர்மேனின் கண்ணுக்கு வேலை என்று விளக்கினார். அந்த எஞ்சின்கள் அறுபதில் இரண்டு மட்டும் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இனி என் வாதத்துக்கு வருகிறேன்.

பால்ட்வின் தொழிற்சாலை 1949இல் செசபீக் ரயில்வேக்கு ஒரே சமயத்தில் கட்டிக்கொடுத்த எஞ்சின்களில் 1308, 1309 என்று இரண்டு தப்பியிருக்கின்றன. அடுத்தடுத்துப் பிறந்தவை. 1308 ஹண்டிங்டனில், அதே வரலாற்றுச் சங்கத்தின் பொறுப்பில், நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் காப்பாற்றியிராவிட்டால் பழைய இரும்புக்குப் போயிருக்கும்; அதற்கு நான் நன்றி சொல்கிறேன். 1309 மேரிலாண்ட் மாநிலத்தில், பல ஆண்டு வேலைக்குப் பிறகு, 2021 முதல் கம்பர்லாண்டிலிருந்து ஃபிராஸ்ட்பர்க் வரை பயணிகளோடு மலையேறுகிறது. முதலாவதைச் சுற்றிவரும் பையனுக்கு ஓர் எஞ்சின் கிடைக்கிறது. இரண்டாவதில் ஏறும் பையனுக்கு எஞ்சினோடு விசிலும் மைல்கல்லும் கரித்தூளும் பாலமும் ஊரும், பக்கத்தில் உட்கார்ந்து விளக்கும் ஒரு கிழவரும் கிடைக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

நம் பக்கத்துக்கு வாருங்கள். செங்கோட்டை-புனலூர் மீட்டர்கேஜ் பாதை 2010இல் மூடப்பட்டது. அகலப்பாதையாகி 2018இல் முழுதாகத் திறந்தது. என் வயதுக்காரர்கள் பலர் பழைய அழகு போயிற்று என்று வருந்தினார்கள். நான் வருந்தவில்லை. தண்டவாளத்தின் அகலம் மாறியது, எஞ்சின் மாறியது. ஆனால் தென்காசிப் பிள்ளை இன்றும் சாதாரண டிக்கெட்டில் ஏறி ஆரியங்காவுக் குகையில் கூச்சல் போடலாம். பதிமூணு கண் பாலத்தை எட்டிப் பார்க்கலாம். பயணம் பிழைத்துவிட்டது. நீலகிரி மலை ரயிலும் யுனெஸ்கோ பட்டியலில் 2005இல் சேர்ந்தது பெருமைதான். ஆனால் அதன் உயிர் மேட்டுப்பாளையத்தில் தினமும் காலையில் ஏறுகிற பயணிகளிடம் இருக்கிறது.

நியூ ரிவர் டிரெயின் பற்றி வருத்தமான செய்தியும் உண்டு. 2018இல் ஆம்ட்ராக் தனியார் ஏற்பாட்டு ரயில்களுக்கான விதிகளை இறுக்கியது, செலவும் ஏறியது. அரை நூற்றாண்டுக்கு மேல் நடத்திய சங்கத்தால் அதைத் தொடர முடியாமல் போயிற்று. பிறகு வேறு ஏற்பாட்டாளர்கள் வேறு பெயரில் சில இலையுதிர் காலங்களில் ரயில் விட்டிருக்கிறார்கள். 2020 டிசம்பரில் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கூட்டம் காரில் வருகிறது, பாலத்தைப் பார்க்கிறது, போகிறது. அடியில் ஓடும் பாதையில் பயணி ரயில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

இருக்கிறது. நியூயார்க்கிலிருந்து சிகாகோ போகும் கார்டினல் இன்றும் வாரம் மூன்று நாள் அந்தப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. இந்த அரங்கில் அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அக்டோபரில் அங்கே இருக்க நேர்ந்தால், மூன்றாம் வாரத்தை ஒட்டி, பேரப்பிள்ளைகளை அதில் அழைத்துப்போங்கள். கையில் ஒரு கடிகாரமும் நோட்டுப் புத்தகமும் கொடுங்கள். முடிந்தால் தர்மண்டுக்கே டிக்கெட் எடுங்கள். ஏறவோ இறங்கவோ ஆள் இருந்தால் மட்டுமே வண்டி அங்கே நிற்கும்.